குலுக்கினால் கோபித்துக்கொள்ளும் பூஞ்சை

பெங்களூரில் கடல் இல்லை. இது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தச் செய்தியை எனக்கு எடுத்துச் சொல்லாத ஆள் இந்த ஊரில் குறைவு. கடலில் வாழும் பூஞ்சைகளிலிருந்து களைக்கொல்லி தேடுகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுக்கும் பாஸ்டர் வரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பெங்களூர்ல கடல் எங்கம்மா இருக்கு?" ஏதோ நான் இத்தனை நாளாக அல்சூர் ஏரியைக் கடல் என்று நம்பிக்கொண்டிருந்தவள் போல.

கடல் இல்லாவிட்டால் என்ன, கடலின் ஒரு துண்டு என்னிடம் இருந்தது. தரங்கம்பாடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில், அலை கரையில் ஒதுக்கிவிட்டிருந்த கறுத்த கட்டை ஒன்றை எடுத்தேன். அழுத்தினால் விரல் உள்ளே போகும் அளவுக்கு ஊறிப்போயிருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, பட்டுப்புடவைக்கு அடியில் பெட்டியில் வைத்தேன். "அவனவன் அங்க போனா கருவாடு வாங்கிட்டு வருவான். நீ கட்டையத் தூக்கிட்டு வர்ற," என்றார் என் கணவர். அவர் காக்ஸ் டவுனில் பள்ளி ஆசிரியர். கிண்டல் செய்வது அவர் தொழிலின் ஒரு பகுதி. ஊர் வந்து சேர்ந்தபோது புடவையில் ஏறியிருந்த நாற்றத்தைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதவேண்டாம்.

அந்தக் கட்டையிலிருந்து நான் பிரித்தெடுத்த பூஞ்சைகளில் ஒன்றுதான் இந்தக் கதைக்குக் காரணம். கரும்பச்சை நிறம், வெல்வெட் துணி மாதிரியான பரப்பு. அதன் சாற்றில் ஒரு சொட்டை எடுத்து, ஊசியால் லேசாகக் கீறிய பார்த்தீனிய இலையில் வைத்தால், இரண்டாம் நாள் அந்த இடம் பழுப்பாகிக் காய்ந்துவிடும். அதே சொட்டை ராகி இலையில் வைத்தால் ஒன்றும் ஆகாது. களை சாகவேண்டும், பயிர் பிழைக்கவேண்டும், மண்ணும் தண்ணீரும் கெடக்கூடாது. களையெடுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் விவசாயி கேட்பது இதைத்தான். அதை ஒரு மக்கிய கட்டையில் உட்கார்ந்திருந்த பூஞ்சை செய்கிறது என்று கண்ட அன்றைக்கு நான் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கொரகுண்டேபாளையா சிக்னல் நெரிசலில்கூடக் கோபம் வரவில்லை என்றால் பெங்களூர்க்காரர்களுக்குப் புரியும்.

அந்தச் சந்தோஷம் அதோடு சரி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எரிச்சல்தான்.

நான் வேலை பார்ப்பது பீன்யாவில், வேப்பெண்ணெய் மருந்தும் உயிர் உரமும் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில். லேத் பட்டறைகளுக்கும் பெயின்ட் பூசும் ஷெட்டுகளுக்கும் நடுவில் ஒரு கட்டிடம். மாடியில் என் ஆய்வகம், இரண்டு அறை. எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதைப் படித்தால் அப்படித் தோன்றலாம். சம்பளம் தேதி தவறாது. யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். அவருடைய ஒரே வியாதி, ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போது அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கமுடியாது. தினமும் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வரும்.

"மேடம், ஏதாச்சும் நடக்குதா?"

"ஒண்ணும் நடக்கல சார்."

"ஏன் மேடம்?"

பூஞ்சை வளர நாளாகும் என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன். மறுநாள் பத்து மணிக்கு அதே போன், அதே கேள்வி.

முதல் சறுக்கலும் அவருடைய அவசரத்தால்தான் வந்தது. கடல் பூஞ்சைக்குக் கடல் தண்ணீர் வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். கடல் இல்லாத ஊருக்கு, சிவாஜிநகரில் வண்ண மீன் விற்கும் கடையில் கிடைக்கும் உப்புப் பொடி. அதைக் கரைத்துத்தான் பூஞ்சைக்கு ஊட்டம் தயாரிப்பேன். ஒருநாள் நான் லீவில் இருந்தபோது, பூஞ்சை வளர்ந்த அந்தத் தண்ணீரை முதலாளி அப்படியே எடுத்து, கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த களைகள் மேல் தெளித்திருக்கிறார். மூன்றாம் நாள் களையெல்லாம் கருகிவிட்டது. அவர் அதைப் படம் எடுத்து, தொழில் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்து, பூஞ்சையே போடாத வெறும் ஊட்டத் தண்ணீரைப் பக்கத்துக் களைகள் மேல் தெளித்தேன். அவையும் கருகின. உப்புத் தண்ணீர் ஊற்றினால் எந்தச் செடியும் சாகும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, சாம்பார் வைக்கத் தெரிந்தால் போதும்.

சாற்றில் உப்பு வராதபடி பிரித்துத்தான் நான் எப்போதும் சோதிப்பேன் என்று அவருக்கு விளக்கினேன். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் நண்பர்கள் முன்னால் தனக்குத் தலைகுனிவு. அன்றிலிருந்து என் பூஞ்சைமேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. தப்பு செய்தது அவர், பழி சுமந்தது பூஞ்சை.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. சின்னக் கண்ணாடித் தட்டில் வளரும்போது விஷத்தைச் சுரந்த பூஞ்சை, பெரிய அளவில் வளர்ப்பதற்காகக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரோடு போட்டால் சுரக்கவில்லை. குடுவைகளை ஷேக்கர் என்ற இயந்திரத்தில் பொருத்தி ராத்திரி பகலாகச் சுழற்றிக் குலுக்குவது எங்கள் தொழிலின் வழக்கம். உள்ளே காற்று நன்றாகக் கலக்கும், பூஞ்சை மளமளவென்று வளரும். வளர்ந்தது, அதில் குறை சொல்ல முடியாது. குடுவை நிறைய ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக வளர்ந்தது. ஆனால் சாற்றை எடுத்து இலையில் வைத்தால் இலை பச்சையாகவே இருந்தது. உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். சர்க்கரையை மாற்றினேன். வெளிச்சத்தில் வைத்தேன், இருட்டில் வைத்தேன். சோறு போட்டுக் கெஞ்சினாலும் பேசாத கோபக்காரப் பிள்ளையோடு ஒரு வருஷம் குடித்தனம் நடத்தியதுபோல இருந்தது.

குலுக்காமல் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அலையில் மிதந்தாலும் இந்தப் பூஞ்சை கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தது, அதை இப்படி உருட்டினால் பிடிக்காமல் போகலாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அதெல்லாம் காலேஜ்ல செய்யறது மேடம்," என்றார். "நம்மது இண்டஸ்ட்ரி. சும்மா வச்சிருந்து என்ன பண்றது? டேங்க்ல ஓடறதா இருந்தா மட்டும் செய்யுங்க."

டேங்க் என்று அவர் சொன்னது கீழே நின்ற எஃகுத் தொட்டியை. உள்ளே விசிறி சுற்றிக் கலக்கும், ஆளுயரத்துக்கு மேல். பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பெயர் வைத்த கதையாக, களைக்கொல்லி வருமுன்பே அதைச் செய்ய இந்தத் தொட்டியை வாங்கி நிறுத்திவிட்டார். அதைக் கடக்கும்போதெல்லாம் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே என் பூஞ்சை என்ன செய்தாலும், குலுக்கலுக்கும் கலக்கலுக்கும் நடுவில்தான் செய்யவேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

தசராவுக்கு முந்தின மாதம் கெடு வைத்தார். தசரா முடிவதற்குள் குடுவையில் விஷம் வரவேண்டும். வராவிட்டால் அறையை உயிர் உரத்துக்குக் கொடுத்துவிடலாம், பூஞ்சைகளை எல்லாம் அவித்துவிடலாம். அவிப்பது என்றால் ஆட்டோகிளேவில் வைப்பது. அது ஒரு பெரிய பிரஷர் குக்கர், உள்ளே போனது எதுவும் உயிரோடு வராது. அந்தக் கரும்பச்சைப் பூஞ்சை உலகத்தில் வேறு யாரிடமும் இருந்ததாக எனக்குத் தெரியாது. தரங்கம்பாடிக்குத் திரும்பப் போனால் கடல் இருக்கும், அந்தக் கட்டை இருக்காது. அவித்தால் அது போயே போய்விடும், அதோடு என் ஐந்தாறு வருஷ உழைப்பும்.

கடைசி முயற்சியாக ஒரு புது ஊட்டத்தில் குடுவைகளைத் தயாரித்து ஷேக்கரில் ஏற்றினேன். பூஞ்சை போடாத குடுவைகள் சிலவும் ஒப்பிடுவதற்காகக் கூடவே இருந்தன. அப்போது ஆயுத பூஜை வந்தது.

பீன்யாவில் ஆயுத பூஜையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷம் முழுக்கக் காது அடைக்கும் சத்தம் போடும் அந்த வட்டாரம் அன்றைக்கு அடங்கிவிடும். ஒவ்வொரு ஷெட்டிலும் இயந்திரத்தை நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போடுவார்கள். வாசலில் வாழைக்கன்று. கேட்டுக்கு முன்னால் குங்குமம் கொட்டிய பூசணிக்காய் உடைந்து கிடக்கும். எல்லோர் கையிலும் கடலேபுரி என்று இங்கே சொல்லும் பொரிப் பொட்டலமும் இனிப்பு டப்பாவும். எனக்கும் தருவார்கள், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். எங்கள் ஷேக்கர் விஷயம் மட்டும் வேறு. அது கிழட்டு இயந்திரம். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், ஒருமுறை நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது. எங்கள் கம்பெனியில் மின்சாரமும் மெஷின்களும் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் இதைப் பலமுறை சொல்லியிருந்தேன். திருப்பத்தூர்க்காரர், பீன்யாவுக்கு வந்து தலை நரைத்தவர். ஊதுகிற சங்கை ஊதி வைப்போம் என்று, 'நிறுத்தவேண்டாம்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஷேக்கரில் ஒட்டியும் வைத்தேன். அன்று மதியம் காக்ஸ் டவுனில் நாத்தனார் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

பண்டிகையும் அதை ஒட்டிய லீவும் முடிந்து வந்து பார்த்தால், அறை அமைதியாக இருந்தது. ஷேக்கர் நெற்றியில் பொட்டும் கழுத்தில் வாடிய மாலையுமாக, கல்யாண வீட்டில் களைத்து உட்கார்ந்த பெரியவர்போல நின்றுகொண்டிருந்தது. நான் ஒட்டிய காகிதத்துக்குக்கூட ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நிறுத்தாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேனே அண்ணா."

"பாத்தேன் மேடம். வருசம் பூரா ஓடுது. ஒரு நாளாச்சும் அதுக்கு ரெஸ்ட் வேணாமா? ஓடற மிஷினுக்குப் பொட்டு வச்சா அது பூஜையே இல்ல."

"சரி, இப்ப ஓட்டுங்க."

அவர் சுவிட்சைப் போட்டார். ஒரு உறுமல், ஒரு கருகல் வாசனை, அவ்வளவுதான்.

"மோட்டார் போயிடுச்சு மேடம்," என்றார். தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத குரலில்.

என்னால் கத்தவும் முடியவில்லை. கத்தினால் பூஜையைக் குறை சொன்னதாகிவிடும். இந்த ஊரில் இத்தனை வருஷம் அண்ணன் தம்பியாகப் பழகிவிட்டு அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முதலாளிக்குச் சொன்னபோது, மோட்டார் கோயமுத்தூரிலிருந்து வரட்டும், வந்ததும் ஷேக்கரை உயிர் உரத்துக்கே மாற்றிவிடலாம் என்றார். பூஞ்சையைப் பற்றி அவர் பேசவில்லை. தசராதான் முடிந்துவிட்டதே.

மோட்டார் வர இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை குடுவைகள் ஷேக்கரின் மேலேயே கிடந்தன. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடைசியில் அவிப்பதற்காக ஒன்றைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். ஜவ்வரிசி உருண்டைகள் இல்லை. ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல, தண்ணீரின் மேல் சுருக்கம் விழுந்த கரும்பச்சைப் படலம். கீழே இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. பூஞ்சை போடாத குடுவைகளில் தண்ணீர் நிறம் மாறவில்லை.

நம்பிக்கையோடு சோதித்தேன் என்று சொன்னால் பொய். வீம்புக்குத்தான் சோதித்தேன். சாற்றைப் பிரித்து, பார்த்தீனிய இலைகளில் சொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளே பழுப்புப் புள்ளி. அதற்கு அடுத்த நாள் இலையில் பாதி காய்ந்துவிட்டது. வெறும் ஊட்டத்தின் சாறு வைத்த இலை பச்சை. ராகி இலை பச்சை. இரண்டாம் முறை செய்தேன், அதேதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்று மூன்றாம் முறையும் செய்தேன். பனம்பழம் மூன்று முறையும் விழுந்தது. ஒரு வருஷமாக என்னிடம் பேசாத பிள்ளை, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு விலகிப் போனதும் தானாகப் பேசியிருக்கிறது.

முதலாளி இலைகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எப்படி என்று கேட்டார். சொன்னேன். மலர்ந்த முகம் சுருங்கியது.

"மிஷின் ஓடாதப்பதான் வேலை செய்யுதா?"

"ஆமா சார்."

"மேடம், இத வெளிய சொன்னா சிரிப்பாங்க. பீன்யாவுல உக்காந்துகிட்டு, மிஷின ஆஃப் பண்ணாதான் ப்ரொடக்ஷன் வரும்னு சொல்றதா?"

அவருக்குத் தொட்டி கண்முன்னால் நின்றது. மெதுவாகச் சுற்றவிட்டால் என்ன என்றார். மெதுவாகச் சுற்றினேன், விஷம் வரவில்லை. இன்னும் மெதுவாக என்றார். அதிலும் வரவில்லை. விசிறியை நிறுத்திவிட்டு அந்த ஆளுயரத் தொட்டியில் பூஞ்சையை வைத்தால், மேலே ஒரு தட்டு அகலத்துக்குத்தான் படலம் வளர்ந்தது, கீழே இருந்த தண்ணீர் முழுக்க வீண். கிறிஸ்துமஸ், புது வருஷம் எல்லாம் இந்தக் கூத்தில் போயின. ஆழம் வேண்டாம் சார், அகலம்தான் வேண்டும், தட்டுகள் வாங்கிக்கொடுங்கள் என்று கேட்டேன். அரை மனதாகச் சம்மதித்தார். "ஒரு தடவ பாக்கலாம். அதுலயும் வரலைன்னா அவிச்சிடுங்க மேடம். எனக்கும் வேற வழி இல்ல."

சிக்பேட்டையில் போய், மைசூர்பாக் ஊற்றும் எஃகுத் தட்டுகளை வாங்கிவந்தேன். இரண்டாவது அறையில் அலமாரி அடித்து, தட்டுகளில் ஊட்டம் ஊற்றி மூடி, கிருமி நீக்கி, பூஞ்சையை இட்டு வரிசையாக வைத்தேன். ஒரு வாரத்தில் எல்லாத் தட்டிலும் படலம் படர்ந்துவிட்டது. இரண்டு வாரம் யாரும் தொடக்கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டினார்.

பத்தாம் நாளோ என்னவோ, நான் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போயிருந்த நேரம், அவர் ஒரு விருந்தாளியோடு மாடிக்கு வந்திருக்கிறார். நான் திரும்பியபோது ஒரு தட்டு ஜன்னலோரம் அவர் கையில் சாய்ந்திருந்தது. விருந்தாளிக்கு வெளிச்சத்தில் காட்டுகிறாராம். படலம் கிழிந்து, ஈரத் துணி மாதிரி தண்ணீரில் முங்கிக்கொண்டிருந்தது. மேஜையில் ஏற்கெனவே மற்ற எல்லாத் தட்டுகளிலும் படலம் முங்கிக் கிடந்தது. ஒவ்வொரு தட்டிலும் அப்படித்தான் ஆகிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார். முங்கிய படலம் மூச்சுத் திணறிப்போகும். அவற்றின் சாற்றைச் சோதித்தபோது இலையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"நான் தொட்டதுனாலயா மேடம்? சும்மா தூக்கித்தான் பாத்தேன்."

"சும்மா இருக்கணும்னுதான் சார் நான் சொன்னது."

வாழ்க்கையில் ஒரு முதலாளியிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அவருக்கே சங்கடமாகிவிட்டது. இன்னொரு முறை வைத்துப் பாருங்கள், இதுதான் கடைசி, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றார். ஆனால் எனக்கு அவரைத் தெரியும். பூட்டுப் போட்டால் சாவி அவரிடமும் இருக்கிறது, கட்டிடமே அவருடையது. எழுதி ஒட்டினால் அதன் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

மறுபடி தட்டுகளைத் தயாரித்து அலமாரியில் வைத்துவிட்டு, அண்ணனைத் தேடிப் போனேன்.

"அண்ணா, ஒரு பூஜை போடணும்."

"இப்பவா மேடம்? மார்ச் மாசம். எந்த மிஷினுக்கு?"

"மிஷின் இல்ல. தட்டுங்களுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஒளிக்கவில்லை. பொட்டு வைத்த ஆயுதத்தை மறுபூஜை போடாமல் யாரும் தொடமாட்டார்கள் இல்லையா, எனக்கு அதுதான் வேண்டும், சார் கை அதில் படக்கூடாது என்று நேராகவே சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"மேடம், ஏமாத்தறதுக்குன்னு சாமி கும்புட மாட்டேன். அந்தப் பூஞ்ச நல்லா வரணும்னு வேண்டி முறையா போடறேன். மத்தது அதுபாட்டுக்கு நடக்கும்."

"அப்படியே போடுங்க அண்ணா."

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு வாரம்."

"சரி. மறுபூஜைக்கு நீங்க சொல்ற அன்னிக்கு வரேன்."

அலமாரிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார். தட்டு எதையும் தொடாமல் ஒரு சாமந்திச் சரத்தைக் குறுக்கே கட்டினார். நிலைப்படியில் ஒரு எலுமிச்சம்பழம். கண்ணை மூடி நின்று வேண்டிக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் செய்தேன். எங்களுக்கு அது தவக்காலம். வீட்டில் சொன்னபோது என் கணவர், "நான் பாஸ்டர்கிட்ட சொல்லமாட்டேன், கவலப்படாத," என்றார். அவர் சொன்னாலும் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன்.

நான்காம் நாளே முதலாளி வந்துவிட்டார். எதிர் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைக்கப்போனவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், பிறகு சரத்தை. காலைப் பின்னால் எடுத்து, செருப்பைக் கழற்றி, நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே கை கூப்பினார். கொஞ்ச நேரம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஐந்தாறு வருஷமாக நான் காட்டிய இலைகள், படங்கள், விளக்கங்கள் எதற்கும் அடங்காத மனிதர் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அடங்குகிறார். அது தெரிந்திருந்தால் முதல் வருஷமே ஒரு கூடை வாங்கி வைத்திருப்பேன்.

நான் சொன்ன நாளில் அண்ணன் வந்து மறுபூஜை போட்டார். சரத்தை அவிழ்த்து, முதல் தட்டை என் கையில் எடுத்துக் கொடுத்தார். படலம் முழுசாக இருந்தது. எல்லாத் தட்டிலும் முழுசாக இருந்தது. சாறு எடுத்தேன், சொட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்து, பழுப்பாகிச் சுருண்ட பார்த்தீனிய இலைகளையும் பச்சை மாறாத ராகி இலைகளையும் முதலாளியின் மேஜையில் பரப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், தொடாமல். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அவிக்க வேணாம் மேடம்," என்றார். "தட்டு இன்னும் எத்தன வேணும்னு சொல்லுங்க."

வயலுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. இலையில் விழும் புள்ளி வேறு, ஏக்கர் கணக்கில் நிற்கும் களை வேறு. மழையில் நிற்குமா, வெயிலில் கெடுமா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. கீழே தொட்டியில் இப்போது உயிர் உரம் ஓடுகிறது, அவர் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டுதான் போகிறார். மாடி அலமாரியில் ஒவ்வொரு முறை தட்டு ஏற்றும்போதும் அண்ணன் ஒரு சரம் கட்டுகிறார். காலை பத்து மணிப் போன் மட்டும் இன்னும் நிற்கவில்லை. இன்று காலையும் வந்தது.

"மேடம், ஏதாச்சும் நடக்குதா?"

"ஒண்ணும் நடக்கல சார்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்று போனை வைத்துவிட்டார்.